எந்த பஸ் என்று என்னிடம் சொல்லாதீர்கள்

வங்கியின் கார்டு பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு யார் எதைக் கேட்டாலும் உடனே சரி என்று சொல்லிவிடுகிறேன். அது எனக்கு வந்திருக்கும் புது வியாதி. எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எதை அழுத்தாமல் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. நான் அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

திருடனைப் பிடிக்கும் வேலை என்று நினைத்துத்தான் நீங்கள் எல்லோரும் வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். உட்கார்ந்து பார்த்தால் திருடன் எப்போதாவதுதான் வருவான். மற்றவர்கள் எல்லாம் வெளியூர் போனவர்கள். ஊருக்குப் போவதைப் பால்காரரிடம் சொல்வார்கள், பேப்பர் போடுகிறவரிடம் சொல்வார்கள், எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துச் சொல்வார்கள். வங்கியிடம் மட்டும் மூச்சு விட மாட்டார்கள். காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவையைப் பொறுக்கியெடுத்து, பில் போட்டு, கார்டை நீட்டினால், புது ஊர் என்று நம் கம்ப்யூட்டர் அதைப் பூட்டிவிடும். பெண்ணின் அப்பா சம்பந்தி வீட்டார் எதிரிலேயே எனக்கு போன் போட்டு என் பரம்பரையையே இழுப்பார். உங்களுக்கும் அது நடக்கும். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் காது மட்டும் மரத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது என்னைத் திட்டாத ஒருத்தியைப் பற்றி. அவள் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர்களிலும் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன். எதை மாற்றினேன் என்று கேட்டு வராதீர்கள்.

அப்போது எங்கள் அலுவலகம் அல்சூரில் இருந்தது. என் பக்கத்து இருக்கையில் நாகராஜ். கன்னடக்காரர், ஆனால் தமிழும் தெலுங்கும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. பிரிவிலேயே அதிகம் பாராட்டு வாங்கியவர் அவர்தான். வாடிக்கையாளர் ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்வார். மனிதர் அப்படியொரு உபகாரி. அந்த உபகாரம்தான் அன்று ஆபத்தாக முடியப் பார்த்தது.

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் அவர் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஓசூருக்குப் பக்கத்தில், ஆனேக்கல்லில் இருக்கும் கணக்கு. ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் சம்பளக் கணக்கு. மஞ்சுளா என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் சம்பளம் விழுந்த அன்றே, ஆனேக்கல்லில் அதே ஏடிஎம்மில், யாரோ முழுவதையும் வழித்து எடுத்துவிடுவார்கள். வேறு ஊரையே அந்தக் கார்டு பார்த்ததில்லை. அன்று காலையில் அது ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பேலன்ஸ் பார்த்து, மிச்சம் மீதி இருந்ததை எடுத்திருக்கிறது. மதியம் சம்பளம் விழுந்திருக்கிறது. உடனே சேலத்தில் மறுபடியும் பேலன்ஸ் பார்த்து, எல்லாவற்றையும் எடுக்கப் போயிருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் கார்டைப் பூட்டிவிட்டது.

கம்ப்யூட்டரைக் குறை சொல்ல மாட்டேன். புது ஊர், முதலில் பேலன்ஸ், பிறகு மொத்தப் பணம். திருடன் செய்வது அச்சு அசலாக இதுதான். பயந்து ஓடுகிறவர்களும் இதையேதான் செய்வார்கள் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நம்மிடம் இரண்டு பூட்டு உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒன்று தற்காலிகம். கம்ப்யூட்டர் தானாகப் போடுவது, நாம் திறக்கலாம். இன்னொன்று நிரந்தரம். அதைப் போட்டுவிட்டால் கார்டு செத்த மாதிரிதான். புதுக் கார்டு தபாலில் வீட்டு விலாசத்துக்குத்தான் போகும். வாடிக்கையாளர் “அது நான் இல்லை” என்று சொன்ன மறு நொடி நிரந்தரப் பூட்டைப் போட வேண்டும் என்பது விதி.

கணக்கில் பதிவாகியிருந்த நம்பருக்கு நாகராஜ் போன் போட்டார். எடுத்தது ஒரு ஆண்.

“மஞ்சுளா மேடம் இருக்காங்களா சார்? பேங்க்லிருந்து பேசறோம்.”

“நான் அவங்க ஹஸ்பண்ட் சார். நானே உங்களுக்குப் பண்ணலாம்னு இருந்தேன். இப்போதான் ஷிப்ட் முடிஞ்சு வந்தேன், ஃபேக்டரில போன் உள்ள விட மாட்டாங்க. வந்து பார்த்தா ஓசூர்ல பணம் எடுத்திருக்கறதா மெசேஜ் வந்திருக்குது. கார்டு திருடு போயிடுச்சு சார். மொதல்ல லாக் பண்ணுங்க.”

கணக்கு பெண்ணின் பெயரில் இருக்கிறது, பேசுவது ஆண். இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் பெண்டாட்டி கணக்குக்குப் புருஷன் நம்பரைக் கொடுப்பது அவ்வளவு சகஜம். “வீட்டுக்காரர்தானே” என்று நாம் எல்லோருமே பேசிவிடுவோம். நாகராஜும் பேசினார். கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த ஆள் பட்டு பட்டென்று பதில் சொன்னார். பிறந்த தேதி, போன மாதம் எடுத்த தொகை, இமெயில் முகவரி, எல்லாமே சரி.

“பயப்படாதீங்க சார், ஆல்ரெடி பிளாக் ஆயிடுச்சு,” என்றார் நாகராஜ். “ஓசூருக்கு அப்புறம் இன்னொரு ஊர்ல ட்ரை பண்ணியிருக்காங்க. பணம் போகலை.”

“எந்த ஊர் சார்?”

பணம் எடுத்தால்தான் ஊர் பெயரோடு மெசேஜ் போகும். எடுக்க முடியாமல் போனால் “உங்கள் கார்டு முடக்கப்பட்டது” என்று மட்டும்தான் போகும். அதனால் சேலம் என்பது அந்த ஆளுக்குத் தெரியாது.

சரியாக அந்த நேரத்தில் என் போன் அடித்தது. கீழ்த்தளத்து உதவி மையத்திலிருந்து ஒரு பெண். “மேடம், ஒரு கஸ்டமர் வெரிஃபிகேஷன்ல ஃபெயில் ஆயிட்டாங்க. ரெஜிஸ்டர்ட் நம்பரும் இல்லை, வேற யார் போன்லயோ பேசறாங்க. கார்டைத் திறங்கன்னு அழறாங்க. கட் பண்ண மனசு வரலை.” சொல்லிக்கொண்டே அழைப்பை என் பக்கம் தள்ளினாள். என் திரையில் கணக்கு விரிந்தது. மஞ்சுளா, ஆனேக்கல். நாகராஜின் திரையில் இருந்த அதே கணக்கு.

நான் எட்டி நாகராஜின் மணிக்கட்டைப் பிடித்தேன். “ஹேளபேடி,” என்றேன். கன்னடத்தில் ‘சொல்லாதீர்கள்’. அவர் வாயில் ‘சே’ வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டு, “சார், ஒன் மினிட், சிஸ்டம் ஸ்லோவா இருக்கு,” என்று சமாளித்தார். அவர் கை நிரந்தரப் பூட்டின் பட்டன் மேல் இருந்தது. அதையும் எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

என் காதில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். “மேடம், என் கார்டுதான் மேடம். சத்தியமா என் கார்டுதான்.”

“எங்கேயிருந்து பேசறீங்க?”

“சேலம் பஸ் ஸ்டாண்டு மேடம். இது பாத்ரூம் கவுன்டர்ல இருக்கற அக்காவோட போனு. என் போனை வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். வச்சிருந்தா நான் எங்க இருக்கேன்னு அவரு கண்டுபுடிச்சுருவாரு.”

யார் அவர் என்று நான் கேட்கவில்லை. பக்கத்திலேயே நாகராஜின் ஹெட்செட்டில் அவர் இருந்தார்.

கேள்விகளைக் கேட்டேன். பிறந்த தேதி சொன்னாள். போன மாதம் எவ்வளவு எடுத்தீர்கள் என்றேன். தெரியாது என்றாள். இமெயில்? தெரியாது. “கார்டு எங்கிட்ட இருந்ததே இல்ல மேடம். சம்பளம் விழுந்தா அவருதான் எடுப்பாரு. பின் நம்பர் மட்டும் மொத நாள்லேருந்து எனக்குத் தெரியும். இன்னிக்கு அவரு டூட்டிக்குப் போனதும் பீரோவுல இருந்து எடுத்துட்டுப் பாப்பாவோட பஸ் ஏறிட்டேன்.”

“ஏன்?”

“போன மாசம் என் கைய ஒடச்சாரு. பொறுத்துக்கிட்டேன். இப்போ பாப்பா மேல கைய வெக்கறாரு.”

பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரிப்பது கேட்டது.

பஸ் ஸ்டாண்டிலேயே போலீஸ் இருக்குமே என்றேன். “வேணாம் மேடம். போன தடவ போலீசுக்குத்தான் போனேன். அறிவுரை சொல்லி அவரோடவே அனுப்பி வச்சாங்க,” என்றாள். பிறகு அவளே சொன்னாள். “சேலத்துல அவரோட அண்ணன் ஆட்டோ ஓட்டறாரு மேடம். இந்த பஸ் ஸ்டாண்டு வாசல்லயேதான் ஸ்டாண்டு. நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சா போதும், ஒரே ஒரு போனு.”

நாகராஜ் விழுங்கிய அந்தச் சொல் வெளியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் நாம் உதவி என்று நினைத்து எத்தனை பேருக்கு ஊர் பெயரைச் சொல்லியிருப்போம்!

ஆனால் நிதானமாக யோசியுங்கள். என்னிடம் இருந்தது என்ன? ஒரு கதை. கண்ணீரும் கதையும் வைத்துக்கொண்டு வருகிற திருடர்களை நான் பார்த்திருக்கிறேன். அழகாக அழுவார்கள். குழந்தைச் சத்தத்தைக்கூட ஏற்பாடு செய்வார்கள். விதிப்படி பார்த்தால் எல்லாப் பதிலும் சொன்னவர் அந்த ஆள். தோற்றவள் இவள். ஏடிஎம்மில் என்ன செய்தாய் என்று இவளைக் கேட்கலாம், சொல்வாள். கார்டு கையில் இருக்கிற திருடியும் அதைச் சொல்வாள்.

மஞ்சுளாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நாகராஜின் அழைப்பை நான் வாங்கினேன்.

“சார், கார்டை நிரந்தரமா முடக்கணும்னா கணக்குக்காரங்களே சொல்லணும். மஞ்சுளா மேடம்கிட்ட போனைக் குடுங்க.”

“இருக்கா மேடம், பக்கத்துலதான் இருக்கா. குடுக்கறேன்.”

ஒரு பெண் குரல் வந்தது. “ஆமாங்க, நான்தான் மஞ்சுளா. கார்டு தொலஞ்சுபோச்சு. லாக் பண்ணிடுங்க.”

நாகராஜ் என்னைப் பார்த்தார். எனக்கு எதிரில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருத்தி பொய் சொல்கிறாள், அது மட்டும் நிச்சயம். எவள் என்று தெரியாது. வீட்டில் இருப்பவள் நிஜமாகவே மஞ்சுளாவாக இருந்தால், சேலத்தில் நிற்கிறவளுக்கு நான் பூட்டைத் திறந்து ஒரு ஏழையின் மாதச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். சேலத்தில் இருப்பவள் நிஜமாக இருந்தால், பூட்டிவிட்டு அவளை அந்த ஆட்டோக்காரனிடம் ஒப்படைத்துவிடுவேன்.

எங்கள் மேலாளர் எழுந்து வந்தார். எதையும் இரண்டு முறை படிக்காமல் ஒப்புதல் கொடுக்க மாட்டார். எங்களுக்கு அவர்மேல் எரிச்சலும் மரியாதையும் சரிபாதி. விஷயத்தைச் சொன்னேன். “ரெஜிஸ்டர்ட் நம்பர்லேருந்து கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க. எல்லா பதிலும் கரெக்ட். பெர்மனெண்ட்டா முடக்கிடுங்க. ரூல் அதுதான்,” என்றார்.

“சார், அந்த ஆளுக்கு எப்படி எல்லா பதிலும் தெரியுது? மெசேஜ் அவர் போனுக்குப் போகுது, இமெயில் அவர் வச்சது. நாம் கேட்கற கேள்வியெல்லாம் போன் யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் உதவுது. கணக்கு யாருடையதுன்னு அதுல தெரியாது.”

“அப்போ என்ன கேட்பீங்க?”

கணக்கின் பழைய பக்கங்களைத் திருப்பினேன். கணக்கு ஆரம்பித்தது ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது. அப்போது பதிவான போன் நம்பர் வேறு. பிறகுதான் இப்போதைய நம்பராக மாறியிருக்கிறது. பழைய நம்பர் கீழே சாம்பல் நிறத்தில், யாரும் பார்க்காத ஒரு வரியாகக் கிடந்தது.

“இது லிஸ்ட்லயே இல்லாத கேள்வி,” என்றார் மேலாளர்.

“அதனாலதான் சார்.”

முதலில் வீட்டில் இருந்தவளைக் கேட்டேன். “மேடம், இந்தக் கணக்கு ஆரம்பிச்சப்போ உங்க போன் நம்பர் என்ன?”

“இதே நம்பர்தாங்க.”

“அதுக்கு முன்னாடி ஒரு நம்பர் இருந்திருக்கு. உங்களுடைய நம்பர்.”

பின்னால் கிசுகிசுப்பு. அவள் ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்று யாரிடமோ கேட்பது எனக்கே கேட்டது. அடுத்து அந்த ஆளே போனைப் பிடுங்கினார். இதுவரை இருந்த மரியாதை போயே போய்விட்டது.

“அந்த நம்பர் எதுக்கு இப்போ? அந்த சிம்மை நான்தான் ஒடச்சுப் போட்டேன். கல்யாணமான பொம்பளைக்குத் தனி நம்பர் என்னா வேண்டிக் கெடக்குது? கார்டை லாக் பண்ணுன்னா பண்ணு. அவ எந்த ஊர்ல நின்னுக்கிட்டிருக்கான்னு சொல்லு. நான் பார்த்துக்கறேன்.”

‘அவ’ என்றார். ஒரு நிமிஷம் முன்புவரை மஞ்சுளா பக்கத்தில் இருந்தாள், கார்டு மட்டும்தான் தொலைந்திருந்தது.

“கார்டு பூட்டித்தான் இருக்கு சார். வேற எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை,” என்றேன். “ஓசூருக்குப் போறேன். அப்புறம் உங்களையெல்லாம் பார்த்துக்கறேன்,” என்று வைத்துவிட்டார்.

மஞ்சுளாவிடம் திரும்பினேன். அதே கேள்வி. நான் முடிக்கும் முன்பே அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மூச்சு விடாமல், பத்து எண்ணையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. என் திரையில் இருந்த சாம்பல் வரி ஒவ்வொரு எண்ணாக உயிர் பெற்றுக்கொண்டு வந்தது. சொல்லி முடித்துவிட்டு, “அது என்னோட நம்பர் மேடம்,” என்றாள். அதற்கப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

ஆனாலும் பூட்டைத் திறக்க என் ஒருத்தி கை போதாது. நான் கோரிக்கை கொடுத்தால் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். மேலாளர் நாகராஜின் ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்த ஆள் கத்திய பதிவைப் போட்டுக் கேட்டார். கேட்டு முடித்து மறுபடியும் முதலிலிருந்து போட்டார். இரண்டு முறை கேட்காமல் அவரால் முடியாது. அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஓசூர் சாலையில் அந்த ஆள் வண்டியைக் கிளப்பியிருப்பார். அண்ணனுக்கு எந்த நேரமும் போன் போகலாம்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மேலாளர் சொன்னார்: “திறந்தா, பணம் எடுத்த உடனே அவனுக்கு மெசேஜ் போகும். ஊர் பேரோட. அதை நாம நிறுத்த முடியாது. நம்பர் மாத்த பிராஞ்ச்சுக்கு நேர்ல போகணும். இதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

நான் சொல்லியிருக்கவில்லை. அவசரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. திறந்துவிடத் துடித்துக்கொண்டிருந்தவள் நான். திறந்திருந்தால் அவளைக் காட்டிக் கொடுத்திருப்பவளும் நான்தான். அவர் இரண்டு முறை கேட்ட அந்த நேரத்தில்தான் அவர் அதை யோசித்திருக்கிறார்.

மஞ்சுளாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். “நீங்க பணம் எடுத்த நொடியில உங்க வீட்டுக்காரருக்கு சேலம்னு மெசேஜ் போகும். அவர் அண்ணனுக்குப் போன் பண்ணுவார். நீங்கதான் முடிவு பண்ணணும்.”

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். கவுன்டர் பெண்ணோடு ஏதோ பேசினாள். பிறகு என்னிடம், “சேலத்துலேருந்து எல்லா ஊருக்கும் பஸ்ஸு இருக்குது மேடம். எந்தப் பக்கம் போனேன்னு மெசேஜ்ல வராதுல்ல?” என்றாள்.

“வராது.”

“அப்போ பஸ்ஸு கெளம்பற நேரத்துல எடுக்கறேன். டிரைவர்கிட்ட அக்கா சொல்லி நிறுத்தி வைக்கறேங்கறாங்க.”

நான் கொடுத்தது யோசனையா, அவள் கண்டுபிடித்ததா என்று யாராவது கேட்டால், அவள்தான் கண்டுபிடித்தாள். நான் சேர்த்தது இவ்வளவுதான்: தேவையானதை எல்லாம் ஒரே தடவையில் எடுக்க வேண்டும், எடுத்ததும் நான் மறுபடி தற்காலிகமாகப் பூட்டிவிடுவேன், போய்ச் சேர்ந்த இடத்தில் பிராஞ்ச்சுக்கு நேரில் போய் நம்பரை மாற்றும்வரை கார்டை வெளியே எடுக்கவே கூடாது. “சரி மேடம், சரி மேடம்,” என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள்.

போன் அவள் கையிலேயே இருந்தது. நடக்கும் சத்தம், “பாப்பா, கையை விடாத,” என்று அவள் சொல்வது, கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கூவுவது எல்லாம் கேட்டது. அவள் போகும் ஊர் எனக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று காதைப் பொத்திக்கொள்ளலாம்போல் இருந்தது. “மேடம், ஏடிஎம் உள்ள வந்துட்டேன்,” என்றாள்.

நான் திறக்கக் கோரிக்கை கொடுத்தேன். மேலாளர் தன் இருக்கைக்குப் போகாமல், என் பக்கத்தில் நின்றபடியே குனிந்து தன் கடவுச்சொல்லைப் போட்டார். பூட்டு திறந்தது.

பொத்தான்களின் பீப் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் மெஷினில் பணம் இல்லாமல் போகலாம், கரண்ட் போகலாம், நோட்டு சிக்கிக்கொள்ளலாம் என்று எல்லாக் கண்டங்களும் என் மனதில் ஓடின. கடைசியில் நோட்டு எண்ணும் கடகட சத்தம் கேட்டது. நாகராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

“வந்துருச்சு மேடம்,” என்றாள். “ஓடுங்க,” என்றேன். ஓடினாள். நான் மறுபடி பூட்டினேன்.

சற்று நேரத்தில் அதே போனில் வேறு குரல். கரகரப்பான, உரத்த குரல். “மேடம், நான் கவுன்டர்காரி பேசறேன். போனைக் குடுத்துட்டு ஏறிடுச்சு பொண்ணு. பிள்ளையத் தூக்கி நாந்தான் உள்ள விட்டேன். பஸ்ஸு வெளிய திரும்பிடுச்சு. நீங்க பயப்படாதீங்க. அது எந்த பஸ்ஸுன்னா…”

“அக்கா, வேண்டாம்! எந்த பஸ்ஸுன்னு என்கிட்ட சொல்லாதீங்க,” என்று நான் கத்தியேவிட்டேன். தளத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “யார் கேட்டாலும் சொல்லாதீங்க. நானே நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லாதீங்க.”

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “சரி. எந்தப் பொண்ணு? இங்க தெனம் ஆயிரம் பொண்ணு வருது போவுது,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஆள் திரும்பக் கூப்பிட அதிக நேரம் ஆகவில்லை. நாகராஜின் போனுக்குத்தான் வந்தது. பின்னால் லாரி ஹாரன். “சேலத்துல எடுத்துட்டா. யார் திறந்துவிட்டது? எங்க போறா?” நாகராஜ் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். “தெரியாது சார்,” என்றார். அந்த மேடத்தைக் கொடு என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. வாங்கினேன். “எனக்கும் தெரியாது சார்,” என்றேன். நம் வேலையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ நாசூக்காகப் பேசிச் சமாளித்திருக்கிறேன். அன்று சமாளிக்கவே தேவை இருக்கவில்லை. பச்சை உண்மையைச் சொன்னேன். அவர் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாரா, வந்து யாரைப் பிடித்து விசாரித்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வழியில்லை.

பிறகு அந்த ஆள் புகார் கொடுத்தார். எனக்கும் மேலாளருக்கும் விளக்கம் கேட்டு வந்தது. பதிவைப் போட்டுக் காட்டினோம். அதை விவரிக்கப் போவதில்லை. அந்தக் கஷ்டம் எல்லாம் வேலையோடு வருவது.

என்னை அரித்தது வேறு. அவளுடைய கணக்கு எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தட்டினால் போதும், பூட்டு திறந்ததா, எந்த பிராஞ்ச் என்று தெரிந்துவிடும். சில நாள் கீபோர்டு வரை கை போகும். யார் எந்தக் கணக்கைப் பார்த்தார்கள் என்பதும் பதிவாகும் இடம் இது. அவளை ஒருத்தி தேடினாள் என்ற தடம்கூட எங்கேயும் இருக்க வேண்டாம் என்று கையை எடுத்துக்கொள்வேன். தொடக்கத்தில் சொன்னேனே, அந்தப் பட்டன் இதுதான். எந்த வகுப்பிலும் இதற்குப் பயிற்சி கிடையாது. அவள் பிழைத்தாளா என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டு நீங்கிய கணக்குகளின் பட்டியல் காலையில் வரும். அதைப் பார்ப்பது நாகராஜின் வேலை. ஒருநாள் காலை நான் மழையில் நனைந்து வந்து குடையை உதறிக்கொண்டிருந்தேன். அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து, என்னைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“மேடம், அந்தப் பூட்டு திறந்தாச்சு. நேர்ல வந்து நம்பர் மாத்தியிருக்காங்க.”

நான் பையை அப்படியே போட்டுவிட்டு அவர் திரைக்குப் பக்கத்தில் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அவர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டிருந்தார். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்கிற மனிதர், காபி வாங்கி வரட்டுமா மேடம் என்று மட்டும் கேட்டார். எந்த ஊர் பிராஞ்ச் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.